பரளச்சி வண்டியும் என் வயிற்றெரிச்சலும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பந்தல்குடி ரோட்டில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டும் இளவட்டங்கள் சிலர் எங்கள் அருப்புக்கோட்டையில் இருக்கிறார்கள். போன மாதம் அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். சுவரோரம் நிற்கும் என் பழைய வண்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், மில்லு வேலைக்கு நடுவுல இப்படி ஒரு பொழுதுபோக்கா? மனசுக்கு எம்புட்டு அமைதியா இருந்திருக்கும்! எங்க சைக்கிள் சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன்" என்றார்கள்.

அமைதியாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வண்டிகளால் நான் அனுபவித்தது பொறாமை. கலப்படமே இல்லாத பொறாமை. "அதை எழுதலாம்னா எழுதுறேன்" என்றேன். தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

என் பெயர் சங்கரலிங்கம். நூற்பு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐ.டி.ஐ. படித்தது, அப்ரண்டிஸாக எண்ணெய் துடைத்தது, பஞ்சுத் தூசியில் இருமியது எல்லாம் மில்லில் வேலை பார்த்த எல்லோருக்கும் உள்ள கதைதான். அதை விட்டுவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் என்னை ஸ்பின்னிங் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே போர்மேனாக இருந்தவர் அழகர்சாமி. என் கெட்ட காலம் அவரிடம்தான் ஆரம்பித்தது.

அழகர்சாமி போர்மேன் அதிகம் பேசமாட்டார். அந்த இரைச்சலில் பேசினாலும் கேட்காது. மரப்பிடி போட்ட நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பார். நாம் ஒரு பேரிங்கை மாற்றி மெஷினை ஓடவிட்டதும் அவர் வருவார். ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் மூடிமேல் வைப்பார். பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். பேரிங் நன்றாக இருந்தால் மாவு சலிக்கிற மாதிரி சீராகக் கேட்கும். உள்ளே ஏதாவது குறை இருந்தால் அந்தச் சீரில் ஒரு நொடிப்பு விழும். சரியாக இருந்தால் கண்ணைத் திறந்து "சரி" என்பார். இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நாமே காதில் வைத்துக் கேட்டு, நாமே வெட்கப்பட்டு, நாமே கழற்ற வேண்டும். அந்த மனுசன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

அவரிடம் இங்கிலாந்தில் செய்த பழைய சைக்கிள் ஒன்று இருந்தது. கறுப்பு பெயின்ட், தங்கக் கோடு, கம்பி பிரேக், செயினை முழுசாக மூடிய தகரப் பெட்டி. துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்துவந்து அவரே உயிர் கொடுத்தது. மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமுக்குப் பார்க்கிற அதே பக்குவத்தை அதற்கும் பார்ப்பார். அதைப் பார்த்து நானும் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். குருசாமியும் ஒன்றைத் தேடிப் பிடித்தான்.

குருசாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு அப்புறம் வேலைக்கு வந்தவன், எனக்குச் சமமான ஃபிட்டர். அவன் வேலை செய்கிற இடத்தைப் பார்த்தால் கோழி கிளறிப் போட்ட மாதிரி இருக்கும். நட்டு ஒரு பக்கம், ஸ்பானர் ஒரு பக்கம், பீடி ஒரு பக்கம். நான் கழற்றிய சாமான்களைத் துணி விரித்து வரிசையாக அடுக்கிவைப்பேன். ஆனால் போர்மேன் என் வேலையைக் கேட்டுவிட்டு "சரி" என்பார். அவன் வேலையைக் கேட்டுவிட்டு "சரிப்பா" என்பார். அந்த ஒரு "ப்பா" எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நான் சாப்பிடாமல் எழுந்த நாள்கூட உண்டு. என் வீட்டுக்காரி, "அவரு ஒரு எழுத்துச் சேத்துச் சொன்னா இங்க சோறு எறங்க மாட்டேங்குதாக்கும்" என்று இடிப்பாள்.

வார விடுமுறையில் மூன்று பேரும் திருச்சுழி வரைக்கும் ஓட்டிப்போய், கோயில் பக்கத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். போர்மேன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. எந்த வண்டி சத்தம் போடுகிறதோ, அது கடைசியில் வரவேண்டும். மட்கார்டு ஆடினாலும் சரி, செயின் பெட்டியில் உரசினாலும் சரி, முன்னால் போகிறவர் கையைத் தூக்கி ஆட்டுவார். நாம் பின்னால் போய் மற்றவர்கள் கிளப்பும் கரிசல் புழுதியைத் தின்றுகொண்டு வரவேண்டும். சத்தம் என் வண்டியில் வராது. வந்ததெல்லாம் குருசாமி வண்டியில்தான். அவனோ கடைசியில் வருவதைப் பற்றிக் கவலையே படாமல் பின்னாலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வருவான். டீக்கடையில் எல்லாரும் அவனிடம்தான் பேசுவார்கள். புழுதி தின்றவன் அவன், வயிறு எரிந்தவன் நான்.

இந்த நிலைமையில்தான் பரளச்சி வண்டி வந்து சேர்ந்தது.

குருசாமியின் தங்கச்சியைப் பரளச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஊரில் நிலபுலன் உள்ள ஒரு வீட்டின் மாட்டுக் கொட்டகையில் சீமைச் சைக்கிள் ஒன்று சும்மா நிற்கிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். "கூடவே ஏதோ சின்னச் சங்கிலி பின்னாடி அச்சுக்குள்ள போகுதாம்ணே" என்று அவன் போர்மேனிடம் சொன்னபோது, அவர் கண்ணை மூடவே இல்லை. அது அகலத் திறந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

மூன்று பேரும் போனோம். கொட்டகையில் பாரவண்டிக்குப் பக்கத்தில், வைக்கோல் தூசி படிந்து நின்றது. நான் அதுவரை பார்த்திராத உயரமான ஃப்ரேம். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் மட்டும் சுரைக்காய் மாதிரி பருத்திருந்தது. அதற்குள்தான் மூன்று கியர். வெளியே ஒன்றும் தெரியாது, எல்லாம் உள்ளே. ஹேண்டில்பாரில் ஒரு சின்ன விசை. எங்கள் கரிசல் காட்டில் எதிர்காற்றில் பெடல் மிதித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். கையை வைத்துப் பார்த்தேன். சக்கரம் அசையவில்லை. ஆனால் எனக்கு அது அந்த நிமிடமே என் வண்டியாகிவிட்டது. பக்கத்தில் குருசாமி நிற்பதே பிடிக்கவில்லை.

வீட்டுக்குச் சொந்தக்காரர் ராமுத்தாயி அக்கா. புருசன் காலமானபின் அப்பா வீட்டுக்கே வந்து, அப்பாவும் போனபின் பருத்தியும் மல்லியும் விதைத்து ஒற்றை ஆளாக விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தச் சைக்கிள் அவருடைய அப்பா ஓட்டியது.

போர்மேன் மெதுவாக, "வண்டிய விக்கிற யோசனை உண்டுங்களா?" என்று கேட்டார்.

"அப்பா ஏறுன வண்டி. அத விக்க மாட்டேன்யா" என்றார் அக்கா. "ஆனா இப்படி நிக்கிறதப் பாக்கவும் சகிக்கல. ஓட வச்சவுக எடுத்துக்கிடுங்க. ஒரே ஒரு சங்கதி. மாட்டுப் பொங்கலன்னைக்கு வண்டி இங்க வந்துரணும். அன்னைக்குப் பாரவண்டியக் கழுவிப் பொட்டு வச்சு அச்சுக்கு எண்ணெய் விடுவோம்ல, அப்ப இதுக்கும் சேத்து விடுவாரு எங்கப்பா. அவருக்கப்புறம் நான் விடுறேன். அது மட்டும் நின்னுறக் கூடாது."

எங்கள் மூன்று பேருக்கும் விஷயம் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஹப்பில் எண்ணெய் விடுவதற்கென்று மூடி போட்ட சின்ன ஓட்டை ஒன்று உண்டு. அதில் விட வேண்டியது மெல்லிய மெஷின் ஆயில். பெரியவரோ பாரவண்டி அச்சுக்குப் போடுகிற மசகை, அதாவது ஆமணக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்ததை, அதில் விட்டிருக்கிறார். பாரவண்டிக்கு அது நல்ல மருந்து. இந்த ஹப்புக்கு விஷம். உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகி, பல் சக்கரங்கள் எல்லாம் ஒட்டிப்போய்விட்டன. அதற்குமேல் பொங்கல் தவறாமல் அக்காவும் ஆசையோடு விட்டுக்கொண்டிருக்கிறார்.

போர்மேன் வேலையைப் பிரித்தார். "சங்கரலிங்கம், நீ ஹப்ப எடுத்துக்க. குருசாமி, மத்ததெல்லாம் நீ பாரு. வண்டி யாருக்குன்னு அப்புறம் பாப்போம்."

அந்த ஹப்பை எங்கள் வட்டாரத்தில் யாரும் திறந்து பார்த்ததில்லை. நானும்தான். அதை எப்படித் திறந்தேன் என்று மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை அது.

வலது பக்கம் ஒரு வளையம் மரையில் ஏறியிருக்கும். அதைச் சுழற்றினால் உள்ளே இருக்கிற மொத்த யந்திரமும் கையோடு வந்துவிடும். ஆனால் எடுத்தவுடனே சுத்தியலைத் தூக்கக் கூடாது. அந்த மரை தொடங்குகிற வாய் இரண்டு. திரும்பப் பூட்டும்போது வாய் மாறிப் பிடித்தால் சக்கரம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். அதனால் வளையத்திலும் ஹப்பிலும் ஒரே நேராக ஊசியால் கீறி அடையாளம் வைத்தேன். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். அசையவில்லை. மறுபடி ஊறப்போட்டேன். உளியை வளையத்தின் பள்ளத்தில் வைத்து, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டினேன். ஒருநாள் மாலை ஷிப்ட் முடிந்து வந்து தட்டியபோது மயிரிழை நகர்ந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்ன நகந்துச்சு? எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றாள்.

உள்ளே பார்த்தால் தார். பழைய வாணலியில் சலவைச் சோடாவைப் போட்டுக் கொதிக்கவைத்து அதில் இறக்கினேன். அந்த நாற்றத்தில் தெருவே மூக்கைப் பிடித்தது. மசகு கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பு மாதிரி கரைந்து வந்தது. பல் சக்கரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைவெளேரென்று வெளியே வந்தன. பல்லைக் கவ்விப் பிடிக்கிற நாக்குகளுக்கு அடியில் தலைமுடி மாதிரி ஸ்பிரிங்குகள். அதில் ஒன்று ஒடிந்திருந்தது. மெல்லிய ஸ்டீல் கம்பியைச் சூடுகாட்டி, சுற்றி, நானே ஒன்று செய்தேன். சுற்றியது நிறைய உடைந்தது. கடைசியில் ஒன்று நின்றது. எல்லாவற்றையும் பூட்டி, கீறிய அடையாளம் நேருக்கு நேர் வந்து நின்றதும் சக்கரத்தைச் சுழற்றினேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

குருசாமியும் அவன் பங்கைச் செய்தான். உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்தான், ரிம்மில் கோட்டம் எடுத்தான், பிரேக்கைச் சீர்ப்படுத்தினான். நன்றாகத்தான் செய்திருந்தான். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் மூன்று பேரும் வண்டியோடு பரளச்சிக்குப் போனோம். கொட்டகை முன்னால் வைத்துப் போர்மேன் பின்சக்கரத்தைத் தூக்கி என்னைப் பெடல் சுற்றச் சொன்னார். ஸ்க்ரூ டிரைவரை ஹப் அச்சில் வைத்து, காதில் அழுத்தி, கண்ணை மூடினார். ஒவ்வொரு கியராக மாற்றச் சொல்லிக் கேட்டார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "சரிப்பா" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குருசாமி பக்கம் திரும்பிப் பார்த்தேன். கேட்டியாலே என்று கேட்காத குறைதான். அவன் என் முதுகில் தட்டினான்.

"நீங்கதான உள்ள தொறந்து ஓட வச்சீக? அப்ப ஒங்களுக்குத்தான்" என்றார் ராமுத்தாயி அக்கா. ஹேண்டில்பாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பக்கத்தில் கழுவி நின்ற பாரவண்டியின் அச்சுக்கு மசகு போட்டார். அதே கையோடு மசகு இருந்த கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அந்த மூடியத் தொறங்கய்யா" என்றார்.

நான் ஹப் மேல் கையை வைத்து மூடிக்கொண்டேன்.

"அக்கா, இது வேணாம்க்கா. மெஷின் ஆயில் நான் கொண்டாந்திருக்கேன். அத ஒங்க கையால விடுங்க. இந்த மசகாலதான் வண்டி இத்தன வருசமாச் செத்துக் கெடந்துச்சு."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "எங்கப்பா கொன்னுபுட்டாருங்கிறீகளா?"

"அப்படிச் சொல்லலக்கா..."

"பெறகு எப்படிச் சொல்றீக?"

நான் போர்மேனைப் பார்த்தேன். அவர் மாட்டுக் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை ஹப்பை விட்டு நகரவில்லை. எப்படி நகரும்? அந்தத் தாரிலிருந்து பல் பல்லாக எடுத்தவன் நான். இன்றைக்குக் கேட்டாலும் மசகு விடக் கூடாது என்றுதான் சொல்வேன்.

குருசாமி குனிந்தான். என் விரல்களைப் பதமாக விலக்கிவிட்டு மூடியைத் திறந்தான். "நீங்க விடுங்கக்கா" என்றான்.

அக்கா விட்டார். கறுப்பாக, கெட்டியாக, ஓட்டை நிறைந்து வழிகிற வரைக்கும் விட்டார். வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "குருசாமி, நீ எடுத்துட்டுப் போ தம்பி" என்றார்.

அவ்வளவுதான். வண்டி போய்விட்டது. திரும்பி வரும்போது அவன் என் ஹப்பில் மூன்றாவது கியர் போட்டு மிதித்துக்கொண்டு போனான். நான் அதைப் பார்த்துக்கொண்டே என் வண்டியில் பின்னால் வந்தேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன், இல்லாவிட்டால் அடித்திருப்பேன்.

மறுநாள் வாசலில் சைக்கிள் சத்தம். குருசாமி. தோளில் அந்தப் பின்சக்கரம்.

"ஏலே, இறுகிக்கிட்டு வருது. தொறந்து குடு."

"அக்காவுக்கு நல்ல புள்ளையா மூடியத் தொறந்து குடுத்தீல்ல? இதையும் நீயே தொற."

"எனக்குத் தெரியாதே" என்று சிரித்தான். அவன் சிரிப்பில் குத்தலே கிடையாது. அதுதான் என்னை அதிகமாகக் குத்தியது. என்மேல் அவனுக்குத் துளியாவது பொறாமை இருந்திருந்தால் நாங்கள் இருவரும் ஒரு தராசில் நின்றிருப்போம்.

வாங்கி வைத்துக்கொண்டேன். அவனுக்காக இல்லை. அந்த ஹப்பை மறுபடி கையில் தொட எனக்கு வேறு வழி இல்லை. அவன் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாது என்று முதுகைக் காட்டி உட்கார்ந்து திறந்தேன். அவன் எட்டிப் பார்க்கவே இல்லை. வெளியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரியிடம் கரும்பு வாங்கித் தின்றுகொண்டு ஊர்க்கதை பேசினான். அன்றிலிருந்து இதுவே வழக்கமாகிவிட்டது. மாட்டுப் பொங்கலுக்குப் பரளச்சி போவான். அக்கா மசகு விடுவார். சோறு போடுவார். மறுநாள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவான். நான் சோடா காய்ச்சிக் கழுவிக் கொடுப்பேன். "அக்கா ஒன்னயக் கேட்டாகலே" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வான். பொய் என்று எனக்குத் தெரியும். போர்மேன் ஓய்வு பெற்றுப் போனார். மில்லில் புது மெஷின்கள் வந்தன. எண்பதுகள் போய்த் தொண்ணூறுகள் வந்தன. அவன் வண்டி, என் வயிற்றெரிச்சல், இரண்டும் அப்படியே இருந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் குருசாமியின் மகனுக்குத் திருப்பூரில் வேலை நிரந்தரமாயிற்று. இவனும் வேலையை விட்டுவிட்டு மகனோடு கிளம்பினான். கிளம்புகிற அன்று அந்த வண்டியை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். "அங்க ஒத்த ரூம்புலே. வைக்க எடமில்ல. நீயே வச்சுக்க. மொதல்லயே ஒனக்கு வரவேண்டியதுதான" என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் அதிலேயே சுற்றினேன். பந்தல்குடிக்குத் தேவையில்லாமல் போனேன். குமாரலிங்கபுரத்துக்குத் தேவையில்லாமல் போனேன். பார்த்தவர்கள் எல்லாம் "குருசாமி வண்டிதான இது?" என்று கேட்டார்கள். "என் வண்டி" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று வண்டியைத் துடைத்துக்கொண்டு பரளச்சிக்குக் கிளம்பினேன். முதல் தடவை வண்டிக்குச் சொந்தக்காரனாகப் போகிறேன். எதிர்காற்று. முதல் கியரில் மிதித்தேன். போகிற வழியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அக்கா மசகு விட்டால் விடட்டும். கழுவிக்கொள்ளப் போகிறவன் நான்தானே.

ராமுத்தாயி அக்காவுக்கு முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். வண்டியைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ரோட்டையும் பார்த்தார்.

"குருசாமி எங்கய்யா?"

"திருப்பூர் போயிட்டான்க்கா, மகன்கூட. வண்டிய எங்கிட்டக் குடுத்துட்டான்."

"போயிட்டானா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். அப்புறம் உள்ளே போய்க் கொட்டாங்கச்சியோடு வந்தார். நான் அவசர அவசரமாக வண்டியை ஸ்டாண்டு போட்டு, குனிந்து, ஹப்பின் மூடியை நானே திறந்து பிடித்துக்கொண்டேன்.

அக்கா பாரவண்டிக்கு மசகு போட்டார். ஒரு அச்சு, மறு அச்சு. போட்டுவிட்டுக் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துவைத்தார்.

"அக்கா... இதுக்கு?"

"ஒங்களுக்குத்தான் அது ஆகாதேய்யா. வேணாம். நீங்க நல்ல எண்ணெயே விட்டுக்கிடுங்க." கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். "வருசா வருசம் இம்புட்டுத் தூரம் நீங்க அலைய வேணாம். வண்டி ஒங்களோடது. இருந்து சாப்ட்டுட்டுப் போங்க."

சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்த ஹப்பை நான் ஒருமுறைகூடக் கழுவ வேண்டியிருக்கவில்லை. மெஷின் ஆயில் நாலு சொட்டு விடுகிறேன், சும்மா பறக்கிறது. மலர் போடுகிற தம்பிகள் வந்தால் திறந்து காட்டுகிறேன், உள்ளே அக்கா கை மசகு ஒரு பொட்டுக்கூட இருக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குருசாமி மேல் வயிறு எரிகிறது.